முடியளவு ஸ்விட்சும் நூறு வாட் மைக்ரோவேவும்

கிணற்று மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இருக்கும் ‘பாயிண்ட்’ நன்றாகத் தெரியும். பச்சைப் பொத்தானை அமுக்கினால் காயில் காந்தமாகி இரண்டு உலோகத் துண்டுகளை ‘டப்’பென்று சேர்க்கும், மோட்டார் ஓடும். சில வருடம் ஓடிய பிறகு அந்தப் பாயிண்ட் கருகிப்போயிருக்கும். சில நேரம் இரண்டும் பற்றவைத்ததுபோல ஒட்டிக்கொள்ளும். சிவப்புப் பொத்தானை எத்தனை தடவை அமுக்கினாலும் மோட்டார் நிற்காது. எலக்ட்ரீஷியன் வந்து உப்புத்தாளால் தேய்த்துக் கொடுப்பார்.

அந்தப் பாயிண்டை ஒரு தலைமுடியின் பருமனுக்குச் சுருக்குங்கள். ஓடுவது 50 ஹெர்ட்ஸ் வீட்டு மின்சாரத்துக்குப் பதிலாக, வினாடிக்கு 1000 கோடி முறை திசைமாறும் மைக்ரோவேவ் என்று வையுங்கள். அதன் வழியே பத்து வாட், நூறு வாட் போக வேண்டும். நூறு கோடி தடவை சேர்ந்து பிரிந்தாலும் கருகக்கூடாது, ஒட்டக்கூடாது. உப்புத்தாள் போடவும் வழியில்லை. இப்படி ஒரு ஸ்விட்சைச் செய்வதுதான் உயர்திறன் ஆர்.எஃப். மெம்ஸ் துறையின் வேலை. ‘திறன்’ என்பது இங்கே வாட் கணக்கு, ‘ஆர்.எஃப்.’ என்பது ரேடியோ அதிர்வெண். ‘மெம்ஸ்’ என்பது, சிலிக்கான் சில்லு செய்யும் அதே முறையில் செதுக்கப்படும் நுண்ணிய அசையும் இயந்திரங்களுக்கான பெயர். உங்கள் போனைத் திருப்பினால் திரையும் திரும்புகிறதே, அதை உணரும் முடுக்கமானியும் ஒரு மெம்ஸ்தான்.

எதற்கு இந்த ஸ்விட்ச்?

மைக்ரோவேவ் என்றதும் நமக்கு அடுப்புதான் நினைவுக்கு வரும். அது 2.45 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது (ஒரு கிகாஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்கு நூறு கோடி முறை). வைஃபையும் அதன் பக்கத்து வீடுதான். மொட்டைமாடி டிஷ் ஆன்டெனா 12 கிகாஹெர்ட்ஸ் வாக்கில் கேட்கிறது. பல ரேடார்கள் 8 முதல் 12 வரை உள்ள பட்டையில் பேசுகின்றன.

இந்தக் கருவிகள் எல்லாவற்றிலும் சிக்னலைத் திருப்பிவிட வேண்டியிருக்கிறது. ரேடாரில் ஒரே ஆன்டெனா அனுப்பவும் வேண்டும், கேட்கவும் வேண்டும். செல்போன் கோபுரத்தில் ஒரு பட்டையிலிருந்து இன்னொரு பட்டைக்கு வடிகட்டியை மாற்ற வேண்டும். சுழலாமல் நின்ற இடத்திலிருந்தே கதிரைத் திருப்பும் ரேடார்களில், ஒவ்வொரு சிறு ஆன்டெனாவுக்கும் போகும் அலையைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்த வேண்டும். அதற்கு நீளமான பாதை, குட்டையான பாதை என்று வைத்து ஸ்விட்சால் மாற்றிக்கொள்வார்கள். ஆயிரம் ஆன்டெனா இருந்தால் ஸ்விட்சுகள் பல ஆயிரம்.

இதுவரை கையில் இருந்தவை இரண்டு வகை. முதலாவது, கோஆக்சியல் ரிலே: மோட்டார் ஸ்டார்ட்டரின் ஒன்றுவிட்ட தம்பி. உலோகம் உலோகத்தைத் தொடுவதால் சிக்னல் சுத்தமாகப் போகும், திறனையும் நன்றாகத் தாங்கும். ஆனால் தீப்பெட்டி அளவு இருக்கும், மாறுவதற்குப் பத்து இருபது மில்லிவினாடி எடுத்துக்கொள்ளும். இரண்டாவது, ‘பின்’ (PIN) என்ற வகை டையோடும் டிரான்சிஸ்டரும்: கடுகளவுதான், வேகமும் அதிகம். ஆனால் குறைக்கடத்தி என்பதால் சிக்னலில் ஒரு பங்கை வெப்பமாகத் தின்றுவிடும். பின் டையோடு ‘ஆன்’ நிலையில் இருக்கும்வரை மின்னோட்டம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு சிக்னல்கள் சேர்ந்து போனால், அவை ஒன்றோடொன்று கலந்து இல்லாத மூன்றாவது சிக்னலைப் பிறப்பித்துவிடவும் செய்யும்.

ரிலேயின் சுத்தமும் டையோடின் சிறுமையும் ஒன்றாகக் கிடைத்தால்? அந்த ஆசைதான் மெம்ஸ் ஸ்விட்ச். 1979இல் ஐ.பி.எம். ஆய்வாளர் கர்ட் பீட்டர்சன், சிலிக்கான் மீது மெல்லிய சவ்வால் ஆன அசையும் ஸ்விட்சுகளைச் செய்து காட்டினார். மைக்ரோவேவுக்கென்றே செய்யும் வேலை 1990களின் தொடக்கத்தில் ஹியூஸ் ஆய்வகத்தில் லாரி லார்சன் குழுவிடம் ஆரம்பித்தது. 1995 வாக்கில் ராக்வெல் நிறுவனம் தொட்டுப் பிரியும் வகையையும், டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் சக் கோல்ட்ஸ்மித் குழுவினர் தொடாமலே வேலை செய்யும் மின்தேக்கி வகையையும் கொண்டுவந்தார்கள். இன்றைக்கும் ஏறக்குறைய எல்லா வடிவங்களும் இந்த இரண்டின் வாரிசுகள்தான். இந்தியாவில் பிலானியின் சீரி (மத்திய மின்னணுப் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம்) ஆய்வகமும் இத்துறையில் வேலை செய்திருக்கிறது.

சென்ட்ரிங் அடித்துக் கட்டும் பாலம்

காற்றில் மிதக்கும் ஓர் உலோகத் தகடை, இரண்டு மூன்று மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளி விட்டு எப்படிக் கட்டுவது? வீட்டுக்குத் தளம் போடுவதைப் பார்த்திருந்தால் பாதி புரிந்துவிடும். முதலில் சென்ட்ரிங் பலகை அடிப்பார்கள், அதன்மேல் கான்கிரீட் ஊற்றுவார்கள், இறுகியதும் பலகையைப் பிரிப்பார்கள். தளம் தன் காலில் நிற்கும்.

இங்கும் அதே கதை. சிலிக்கான், கண்ணாடி, அல்லது அலுமினா வட்டின் மேல் முதலில் தங்கத்தால் சிக்னல் பாதை. அதன்மேல் பாலிமர் போன்ற ஒரு பலிகொடுப்பு அடுக்கு, இதுதான் சென்ட்ரிங். அதற்கு மேல் ஒன்றிரண்டு மைக்ரானிலிருந்து சில மைக்ரான் வரை தடிமனில் உலோகப் படலம். கடைசியில் நடு அடுக்கைக் கரைத்து எடுத்துவிட்டால் உலோகம் அந்தரத்தில் நிற்கும். இரண்டு முனையும் ஊன்றியிருந்தால் பாலம். ஒரு முனை மட்டும் ஊன்றி மறுமுனை நீட்டிக்கொண்டிருந்தால், நீச்சல் குளத்துத் துள்ளுபலகை போன்ற நெடுங்கை.

சென்ட்ரிங் பிரிக்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். கரைத்த திரவம் உலரும்போது அதன் பரப்பு இழுவிசை மெல்லிய தகடைக் கீழே இழுத்து ஒட்டவைத்துவிடும். குளித்து வந்ததும் ஈரமுடி இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறதே, அதே விசை. அதனால் சில ஆய்வகங்களில் திரவத்தை நீர்ம கார்பன் டையாக்சைடால் மாற்றி, 31 டிகிரிக்கும் 73 வளிமண்டல அழுத்தத்துக்கும் மேலே கொண்டுபோய், திரவம் வாயு என்ற வேறுபாடே இல்லாத நிலையில் வெளியேற்றுகிறார்கள். இழுப்பதற்குத் திரவப் பரப்பு என்று ஒன்று அங்கே இருக்காது.

தகடை அசைப்பது யார்?

சீப்பால் தலைவாரிவிட்டுக் காகிதத் துணுக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் அது தாவி ஒட்டும். நிலைமின் விசை. நம் உலகத்தில் அது பிள்ளைகளின் விளையாட்டு. மைக்ரான் உலகத்தில் அதுவே பெரிய பலசாலி. தகடுக்குக் கீழே ஒரு மின்முனை வைத்து வோல்ட் கொடுத்தால் தகடு கீழே வரும். மின்னோட்டமே கிட்டத்தட்ட வேண்டாம். பிடித்து வைத்திருக்கவும் செலவில்லை. புவியீர்ப்பைப் பற்றிக் கவலை இல்லை: தகட்டின் எடை அவ்வளவு சொற்பம் என்பதால், கருவியைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் தகடு ஒரு நானோமீட்டர்கூட நகராது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பின்னால் வரும் முதல் சிக்கல் இதிலிருந்துதான் முளைக்கிறது என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். தகடு ஒரு சுருள்வில் போல மேலே இழுக்கிறது. எவ்வளவு வளைகிறதோ அவ்வளவு எதிர்ப்பு, அதே விகிதத்தில். ஆனால் மின்விசை அப்படி வளர்வதில்லை. இடைவெளி பாதியானால் அது நான்கு மடங்காகிவிடும். முதலில் இரண்டும் சமாளித்துக்கொள்ளும். மொத்த இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு இறங்கியதும் மின்விசை ஜெயித்துவிடும், தகடு ‘சடக்’கென்று கீழே விழும். அதற்குத் தேவையான வோல்ட்டை விழுவோல்ட் என்று இங்கே அழைத்துக்கொள்வோம்.

ஒரு கணக்கு. தகடு 100 மைக்ரானுக்கு 100 மைக்ரான். இடைவெளி 3 மைக்ரான். வில்லின் கடினம் மீட்டருக்கு 10 நியூட்டன். கணக்குப் போட்டால் விழுவோல்ட் 30 வோல்ட் வாக்கில் வருகிறது. இந்த 30 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொடும் வகையில், நெடுங்கையின் முனை சிக்னல் பாதையின் மறுகரையைத் தொட்டதும் சிக்னல் கடந்துபோகும். விலகியிருக்கும்போது முழுத் தடை என்று சொல்ல முடியாது. மைக்ரோவேவ் சின்ன இடைவெளியையும் கொஞ்சம் தாண்டும். 20 மைக்ரான் சதுரத் தொடுமுனை, 1 மைக்ரான் இடைவெளி என்றால், 10 கிகாஹெர்ட்ஸில் அது சுமார் 4,500 ஓம் தடைபோல நிற்கும். இரண்டாயிரத்தில் ஒரு பங்கு திறன்தான் கசியும். மோசமில்லை.

மின்தேக்கி வகையில் சிக்னல் பாதைக்குக் குறுக்கே, தரையோடு இணைந்த பாலம் நிற்கும். மேலே இருந்தால் சிக்னல் அடியில் பேசாமல் போகும். கீழே விழுந்தால், 0.2 மைக்ரான் தடிமனுள்ள சிலிக்கான் நைட்ரைடு படலத்தின் மேல் படுத்துக்கொள்ளும். உலோகம் தொடவில்லை என்றாலும் மைக்ரோவேவுக்கு அது வெறும் 5 ஓம் வழி. சிக்னல் தரைக்கு இறங்கி, வந்த வழியே திரும்பிப் போய்விடும்.

சிக்னலுக்கும் கை முளைக்கிறது

இதுவரை சொன்னதெல்லாம் மில்லிவாட் கணக்கில் சிக்னல் போகும் வரை ஒழுங்காக நடக்கும். போன் 4ஜியில் அனுப்பும் உச்சத்திறனே 0.2 வாட்தான். திறனை ஏற்றத் தொடங்கினால் ஒரு விசித்திரம் நடக்கிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

ஸ்விட்ச் என்றால் நம் மனதில் இரண்டு தனித்தனி விஷயங்கள்: இயக்கும் கை ஒன்று, ஓடும் மின்சாரம் ஒன்று. சுவரில் இருக்கும் ஸ்விட்சைப் போடுவது நம் விரல். மின்விசிறிக்குப் போகும் மின்சாரம் அந்த விரலோடு போட்டிபோடாது. மெம்ஸ் ஸ்விட்சில் இயக்கும் கையும் வோல்ட்தான், ஓடுவதும் வோல்ட்தான். தகடுக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

‘மைக்ரோவேவ் வினாடிக்கு 1000 கோடி தடவை மேலும் கீழும் மாறுகிறதே, தகடு எப்படி அதைப் பின்தொடரும்?’ என்று கேட்கலாம். பின்தொடராது. தகட்டின் இயல்பு அதிர்வு வினாடிக்குச் சில பல்லாயிரம் தடவைதான். ஆனால் மின்விசை வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. கூட்டலாக இருந்தாலும் கழித்தலாக இருந்தாலும் அது இழுக்கத்தான் செய்யும், தள்ளாது. ஒவ்வொரு அலையையும் தகடு உணராமல் போனாலும் அவற்றின் சராசரி இழுப்பை உணர்ந்துகொண்டே இருக்கும்.

மைக்ரோவேவ் பாதைகள் வழக்கமாக 50 ஓம் கணக்கில் கட்டப்படுகின்றன. அதில் 1 வாட் போனால் ஒரு வகைச் சராசரி, அதாவது ஆர்.எம்.எஸ்., வோல்ட் 7. பத்து வாட்டுக்கு 22. நூறு வாட்டுக்கு 71. இப்போது நாம் ஒதுக்கி வைத்த 30 வோல்ட்டை எடுங்கள். 50 ஓம் பாதையில் 30 வோல்ட் என்றால் 18 வாட். அந்தப் பாலத்தின் அடியில் 18 வாட் போனால், யாரும் பொத்தானை அமுக்காமலே பாலம் தானாக விழும். ‘தான் இயங்கல்’ என்று சொல்லலாம். தன்னைத் தடுக்கும் கதவைச் சிக்னலே இழுத்துச் சாத்திக்கொள்கிறது.

தொடும் வகையில் நிலைமை இன்னும் மோசம். ஸ்விட்ச் விலகியிருக்கும்போது பாதை அங்கே முட்டுச்சந்து. தெப்பக்குளத்து அலை கல்சுவரில் மோதும் இடத்தில் நீர் இரட்டை உயரத்துக்கு எழுவதுபோல, திரும்பும் அலையும் வரும் அலையும் கூடி அங்கே வோல்ட் இரட்டிப்பாகும். 30 வோல்ட் வர 18 வாட் தேவையில்லை, நான்கில் ஒரு பங்கு, 4.5 வாட் போதும்.

விழுந்த பாலத்தை எழுப்புவது அதைவிடப் பாடு. கீழே கிடக்கும் தகடுக்கும் மின்முனைக்கும் இடையே காற்று இல்லை, மெல்லிய படலம் மட்டும்தான். அந்த நெருக்கத்தில் சில வோல்ட்டே அதைப் பிடித்து வைக்கப் போதும். 10 வாட் வந்து மோதிக்கொண்டிருந்தால், 5 ஓம் வழியாகப் படுத்திருக்கும் அந்தப் பாலத்தின் மேலும் நாலரை வோல்ட் மிஞ்சும். இயக்கும் வோல்ட்டை நிறுத்திய பிறகும் பாலம் எழாது. சிக்னலை நிறுத்தினால்தான் விடும்.

தங்கம் உருகும் அரை வோல்ட்

இரண்டாவது பகைவன் வெப்பம். இரண்டு உலோகப் பரப்புகள் தொடுகின்றன என்கிறோம். பூதக்கண்ணாடியில் அவை இரண்டு மலைத்தொடர்கள். ஒன்றைக் கவிழ்த்து மற்றொன்றின் மேல் வைத்தால் சில சிகரங்கள் மட்டுமே முட்டும். மின்தொடுப்புகளைப் பற்றிய அறிவியலுக்கு அடித்தளமிட்ட ராக்னார் ஹோம் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இதைத்தான் விரிவாக ஆராய்ந்தார். ஆரம்பகால மெம்ஸ் ஸ்விட்சுகளில் தொடும் விசை 100 மைக்ரோநியூட்டன் வாக்கில்தான் இருந்தது. மென்மையான தங்கம் அந்த விசைக்கு நசுங்கிக் கொடுக்கும் பரப்பைக் கணக்கிட்டால், உண்மையில் தொடும் புள்ளியின் ஆரம் 0.2 மைக்ரான்கூட வராது. 10 வாட் சிக்னலின் 0.45 ஆம்பியர் முழுவதும் அந்தப் புள்ளி வழியாகத்தான் போக வேண்டும். வீட்டுச் சுவருக்குள் ஓடும் ஒயரோடு ஒப்பிட்டால், அதே பரப்பில் பல லட்சம் மடங்கு நெரிசல்.

அந்தப் புள்ளி எவ்வளவு சூடாகும் என்பதை நேராக அளக்க முடியாது. ஆனால் ஓர் அழகான தொடர்பு இருக்கிறது: தொடுபுள்ளியின் குறுக்கே எத்தனை வோல்ட் விழுகிறது என்று தெரிந்தால் அதன் உச்ச வெப்பத்தைச் சொல்லிவிடலாம். புள்ளி பெரிதோ சிறிதோ, அது பொருட்டில்லை. தங்கத்துக்கு 0.08 வோல்ட்டில் மென்மையாதல் தொடங்கும். 0.43 வோல்ட்டில் உருகும்.

இப்போது தொடுதடை 1 ஓம் என்று வையுங்கள். சுத்தமான தங்கம் தங்கத்தை முழுதாகத் தொட்டால் தடை அதைவிடக் குறைவாகவே வரும். ஆனால் பரப்பில் படியும் கண்ணுக்குத் தெரியாத கரிமப் படலம் அதை ஏற்றிவிடும். 0.45 ஆம்பியர், 1 ஓம்: 0.45 வோல்ட். உருகுநிலையைத் தாண்டிவிட்டது. வெறும் 10 வாட்டில்.

கணக்கு இப்படி வரும்போது வழியும் கணக்கிலேயே தெரிகிறது. ஒரு தொடுமுனைக்குப் பதில் நான்கு வையுங்கள். விசையைக் கூட்டி ஒவ்வொன்றின் தடையையும் கால் ஓமுக்கு இறக்குங்கள். ஒவ்வொன்றிலும் 0.11 ஆம்பியர், 0.03 வோல்ட்டுக்கும் குறைவு. தங்கம் குளிர்ந்தே இருக்கும். அதே அமைப்பில் 100 வாட் விட்டால் 0.09 வோல்ட் வரும், மறுபடி மென்மையாகும் எல்லையில் வந்து நிற்போம். ஆகவே 10 வாட்டுக்குத் தீர்வு கண்டவர் 100 வாட்டுக்குப் புதிதாக யோசிக்க வேண்டியிருக்கிறது. அதோடு, நான்கு முனைகளும் ஒரே நொடியில், ஒரே அழுத்தத்தில் தொடும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. முதலில் தொட்டதன் தலையில்தான் முழுச் சுமையும் விழும்.

விசையைக் கூட்டுவதும் இலவசம் இல்லை. அழுத்தித் தொட்ட தங்கம் தங்கத்தோடு ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். பிரிக்க வலுவான வில் வேண்டும். வில் வலுவானால் கீழே இழுக்க அதிக வோல்ட் வேண்டும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் கேப்ரியல் ரெபைஸ் குழுவினர் இதில் நிறைய உழைத்திருக்கிறார்கள். தொடும் விசையையும் பிரிக்கும் விசையையும் ஒருசேர மில்லிநியூட்டன் அளவுக்கு, அதாவது பழைய வடிவங்களைப் போலப் பத்து மடங்குக்கு, கொண்டுபோன வடிவங்கள் அவர்களுடையவை. மில்லிநியூட்டன் என்பது 0.1 கிராம் எடையின் விசை. முடியளவு கருவியில் அது பெரிய விசை.

தங்கத்தையே விட்டுவிட்டு ருதேனியம், பிளாட்டினம், ரோடியம் போன்ற கடினமான உலோகங்களுக்குப் போகலாமே? போகிறார்கள். அவை ஒட்டுவது குறைவு, உருகுவதும் கடினம். ஆனால் தடை தங்கத்தைவிடக் கொஞ்சம் அதிகம். மேலும் இந்த உலோகங்கள் சுற்றியுள்ள கரிம ஆவியைப் பிடித்து, தொட்டுத் தொட்டுப் பிரியும்போது அதை ஒரு பிசின்போலப் பரப்பில் சேர்த்துக்கொள்ளும். அதனால் ஸ்விட்சை அடைத்து மூடும் உறை, ஸ்விட்சைப் போலவே முக்கியமாகிவிடுகிறது. கசிவில்லாத மூடிக்குள் நைட்ரஜன் போன்ற சாதுவான வாயு, ஈரமும் கரிமமும் துளியும் இல்லாமல். எத்தனையோ நல்ல வடிவங்கள் ஆய்வகத்தில் ஜொலித்துவிட்டு உறையில் தோற்றிருக்கின்றன.

வெப்பம் தொடுபுள்ளியோடு நிற்பதும் இல்லை. மைக்ரோவேவ் உலோகத்தின் உள்ளே போகாமல் தோலில் மட்டும் ஓடும். 10 கிகாஹெர்ட்ஸில் தங்கத்தின் மேல் 0.8 மைக்ரான் ஆழத்துக்குள். தடித்த தகடு போட்டாலும் மின்னோட்டம் அந்த மேல்தோலைத்தான் பயன்படுத்தும். 100 வாட்டில் 2 சதவீதம் இழப்பு என்றால் 2 வாட் சூடு. காற்றில் தொங்கும் மெல்லிய தகட்டுக்கு அதை வெளியேற்ற ஊன்றிய கால்கள் மட்டுமே வழி. இரண்டு முனையும் ஊன்றிய பாலம் வெப்பத்தில் நீளப் பார்த்து, இடம் இல்லாமல் கோடை வெயிலில் தண்டவாளம் நெளிவதுபோல நெளிந்துவிடும். அப்போது இடைவெளி மாறும், விழுவோல்ட் மாறும், மெல்லத் தான் இயங்கல் எல்லைக்கே வந்துவிடும்.

இரண்டு கைகளைப் பிரிப்பது

இயக்கும் கையும் ஓடும் சிக்னலும் ஒரே தகடைப் பிடித்து இழுப்பதுதான் முதல் சிக்கல் என்றால், பிரித்துவிடுவதுதானே நியாயம்? இன்றைய நல்ல வடிவங்கள் எல்லாம் இதைத்தான் செய்கின்றன. இயக்கும் மின்முனையைத் தகட்டின் அகன்ற பகுதிக்கு அடியில் தனியாக வைக்கிறார்கள். சிக்னல் பாதை தகட்டின் நுனியில் மட்டும், சின்னத் தொடுமுனைக்கு அடியில். 100 மைக்ரான் சதுரத்துக்குப் பதில் 20 மைக்ரான் சதுரம் மட்டுமே சிக்னலுக்கு எதிரே நின்றால், இழுக்கும் பரப்பு 25இல் ஒரு பங்கு. காகிதத்தில் 25 மடங்கு திறன் தாங்கும். நடைமுறையில் அவ்வளவு கிடைக்காது. நுனியில் இழுத்தால் நெம்புகோல்போல விசைக்குப் பலம் கூடும், அங்கே இடைவெளியும் குறைவாகவே இருக்கும். ஆனாலும் இலாபம் பெரிது.

இதில் ஒரு சின்னத் தந்திரத்தை நான் மிகவும் ரசிக்கிறேன். தகடே சிக்னலைச் சுமப்பதால், அதற்கும் அடியில் உள்ள இயக்கும் மின்முனைக்கும் இடையே சிக்னல் வோல்ட் வந்துவிடுமே? அந்த மின்முனைக்குப் போகும் கம்பியைப் பல ஆயிரம் ஓம் தடையுள்ள பொருளால் செய்துவிடுகிறார்கள். நிதானமாக வரும் இயக்கு வோல்ட்டுக்கு அந்தத் தடை பொருட்டே இல்லை, ஏனென்றால் மின்னோட்டம் தேவையில்லை. வேகமாக ஆடும் மைக்ரோவேவுக்கோ அது மூடிய கதவு. அதனால் மின்முனை தகட்டோடு சேர்ந்தே ஆடும், இரண்டுக்கும் நடுவே சிக்னல் வோல்ட் கிட்டத்தட்ட இருக்காது. ஒரே ஒரு தடைத்துண்டால் இரண்டு கைகள் பிரிந்துவிடுகின்றன.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லலாம். வில்லைக் கடினமாக்கி, 80, 90 வோல்ட் கொடுத்து இயக்குவது ஒரு வழி. அந்த வோல்ட்டை 3.3 வோல்ட்டிலிருந்து உண்டாக்கும் சுற்றைப் பக்கத்திலேயே வைத்துவிடுகிறார்கள். பல ஸ்விட்சுகளை வரிசையாகக் கோத்தால் வோல்ட் பங்கிட்டுக்கொள்ளும், பக்கவாட்டில் சேர்த்தால் மின்னோட்டம் பங்கிட்டுக்கொள்ளும். தகட்டுக்கு மேலேயும் ஒரு மின்முனை வைத்து, விழாமல் மேல்நோக்கிப் பிடித்துக்கொள்ளவும் செய்திருக்கிறார்கள்.

அனலாக் டிவைசஸ் 2016இல் 14 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் மெம்ஸ் ஸ்விட்சைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்திலிருந்து அதே ஆண்டு பிரிந்து வந்த மென்லோ மைக்ரோசிஸ்டம்ஸ், கண்ணாடி அடித்தளத்தின் மேல் தனி உலோகக் கலவையால் நெடுங்கை செய்து, 25 வாட் தொடர் திறன் தாங்கும் ஸ்விட்சுகளை விற்கிறது. கலவை எதற்கு? சுத்தத் தங்கத்தை மணிக்கணக்கில் வளைத்து வைத்திருந்தால், வெப்பத்தில் அந்த வளைவே அதன் சொந்த வடிவமாகிவிடும், விட்டாலும் முழுதாக நிமிராது. வளையலுக்குச் செம்பு கலக்காமல் ஆகாது என்று தட்டான் சொல்வதும் தங்கத்தின் இதே மென்மையை வைத்துத்தான்.

சூடாக மாற்றுவதா, குளிரவிட்டு மாற்றுவதா

இஸ்திரிப்பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக்கை உருவினால் நீலப்பொறி பறக்கும். ஸ்விட்சை அணைத்துவிட்டு உருவினால் ஒன்றும் இல்லை. மெம்ஸுக்கும் இந்த இரண்டு வாழ்க்கை உண்டு. சிக்னல் ஓடும்போதே தொட்டுப் பிரிந்தால் ‘சூடான மாற்றம்’, நிறுத்திவிட்டுச் செய்தால் ‘குளிர்ந்த மாற்றம்’. சூடான மாற்றத்தில் தொடுமுனைகள் பிரியும் கணத்தில் கடைசிப் புள்ளி உருகி, ஒரு பக்கத்து உலோகம் மறுபக்கத்துக்குத் தாவும். ஒரு முனையில் மேடு வளரும், எதிர்முனையில் குழி விழும். ஸ்டார்ட்டர் பாயிண்டில் பார்க்கும் அதே காட்சி, மைக்ரான் அளவில். அதனால் உயர்திறனுக்கென்று விற்கும் மெம்ஸ் ஸ்விட்சுகளின் தரவுத்தாளில், முழுத்திறனும் குளிர்ந்த மாற்றத்துக்கு மட்டும் என்றும், சூடான மாற்றத்துக்கு எல்லை மிகக் குறைவு என்றும் எழுதியிருப்பதைக் காணலாம். பெரிய எண்ணை மட்டும் படித்துவிட்டு வாங்குபவர்கள் தடுக்கி விழும் இடம் இது.

நல்லவேளையாக ரேடாரில் துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையே மௌனம் இருக்கிறது. மெம்ஸ் தகடு மாறச் சில மைக்ரோவினாடியிலிருந்து நூறு மைக்ரோவினாடிக்குள்தான் ஆகும். அந்த மௌனத்தில் மாற்றிக்கொள்ளும்படி வரிசைப்படுத்தினால் போதும். செல்போன் கோபுரம் போல ஓயாமல் பேசும் கருவிக்கு அந்த வசதி எப்போதும் கிடைப்பதில்லை.

சோதிப்பதும் ஒரு தவம். வினாடிக்குப் பத்தாயிரம் தடவை இயக்கினால் நூறு கோடி சுற்று முடிய 28 மணி நேரம். பத்தாயிரம் கோடி சுற்று வேண்டுமென்றால் ஏறக்குறைய நான்கு மாதம் மேசையை விட்டு எடுக்க முடியாது. இதையே திறன் ஓடும் நிலையில் செய்ய வேண்டும், அறை வெப்பத்திலும் செய்ய வேண்டும், 85 டிகிரியிலும் செய்ய வேண்டும். பல நாள் தொட்டுக்கொண்டே வைத்திருந்து, பிறகு விடும்போது விடுகிறதா என்று தனியாகவும் பார்க்க வேண்டும். நின்றுபோன ஸ்விட்சின் மூடியை உடைத்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியின் கீழ் வைத்து, 0.2 மைக்ரான் புள்ளியைத் தேடுவார்கள். அது உருகிய வட்டமாக இருந்தால் மின்னோட்டம் கொன்றது. கருத்த திட்டாக இருந்தால் கரிமம். பரப்பு பளபளவென்று சுத்தமாகவே இருந்து, தகடு மட்டும் எழாமல் கிடந்தால், வில் தளர்ந்திருக்கிறது என்று அடுத்த வட்டுக்கு உலோகக் கலவையை மாற்றுவார்கள்.